பாடநூலைத் தனியே படிப்பவருக்குத் திருத்துபவர் யார்?

கேள்வி: நான் காரைதீவைச் சேர்ந்தவள். வயது 31. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படித்தேன்; பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. பின்னர் வெளிவாரியாகக் கலைப் பட்டம் பெற்று, இப்போது பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். குவாண்டம் பொறிமுறையையும் பொதுச் சார்புக் கொள்கையையும் கதையாக அல்லாமல் சமன்பாடுகளோடு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது பாடசாலைக் காலத்திலிருந்தே என் ஆசை. பிள்ளை உறங்கிய பின் இரவில் படிக்கிறேன். கைத்தொலைபேசியில் நிறைய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. அத்தியாயத்தின் இறுதியிலுள்ள பயிற்சிகளில் ஒன்றையேனும் செய்ய முடியவில்லை. எந்த நூல்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும்? பல்கலைக்கழகம் போகாமல் இது முடியுமா? எவ்வளவு காலம் எடுக்கும்? ஒருநாள் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முதலில் கேட்டிருப்பது நூல்களின் வரிசையை. அதையும் சொல்வேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது, பயிற்சியில் ஒன்றும் வருவதில்லை என்று நீங்கள் எழுதிய வரிதான். பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது உங்களுக்கு மட்டும் உள்ள குறையல்ல, பல்கலைக்கழகத்துக்கு வரும் முதலாம் ஆண்டு மாணவர்களிலும் பெரும்பாலானோர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அவர்கள் எழுதிக் கொடுக்கும் தாளை யாரோ ஒருவர் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறார். உங்களுக்கு அந்த ஆள் இல்லை. நல்ல பாடநூல்களுக்கு இன்று பஞ்சமில்லை. தனியே படிப்பவருக்குக் கிடைக்காமல் போவது திருத்துபவர்தான். ஆகவே அந்த வேலையை நீங்களே செய்யப் பழகுவதைப் பற்றியே இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

நாம் எல்லோரும் கடந்தகால வினாத்தாள்களால் வளர்க்கப்பட்டவர்கள். உயர்தரத்தில் ஒரு வினாவைக் கண்டதும் அது எந்த வகை, எந்த ஆண்டில் எந்த வடிவில் வந்தது, புள்ளித்திட்டத்தில் எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பது நினைவுக்கு வந்துவிடும். அந்தப் பயிற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கை வேகமும் அட்சரகணிதத் தேர்ச்சியும் அதிலிருந்துதான் வந்தன. ஆனால் உயர்நிலைப் பாடநூலின் பயிற்சி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அத்தியாயத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றைப் படிப்பவர் தாமே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. மாதிரி வினாவைத் தேடுபவருக்கு அது எப்போதும் மூடிய கதவாகவே தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பாடசாலைகளில் நுண்கணிதம் இணைந்த கணித வகுப்பில் இருக்கிறது. பௌதிகவியல் இன்னொரு வகுப்பில், பெரும்பாலும் வகையீடும் தொகையீடும் இல்லாமலே நடக்கிறது. இரண்டிலும் தேறியவர்கூட அவ்விரண்டையும் ஒரே தாளில் சந்திக்க வைத்ததில்லை. உங்கள் முதல் ஆண்டின் பெரும்பகுதி இந்தச் சந்திப்பை ஏற்படுத்துவதிலேயே செல்ல வேண்டும்.

எனவே குவாண்டம் பொறிமுறை நூலைச் சில மாதங்களுக்கு மூடி வையுங்கள். சொல்வதற்கு எனக்கே மனம் ஒப்பவில்லை, ஏனெனில் உங்கள் ஆசை அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் அந்த நூல் முதற்பக்கத்திலேயே சிக்கலெண்களும், பகுதி வகையீட்டுச் சமன்பாடும், நேரியல் அட்சரகணிதமும் கைவசம் இருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுகிறது. சோவியத் பௌதிகவியலாளர் லாண்டவ், தம்மிடம் ஆராய்ச்சிக்கு வர விரும்பியவர்களுக்கு ஒரு தொடர்ப் பரீட்சை வைத்திருந்தார். 1934 முதல் 1961 வரை அதில் முழுமையாகத் தேறியவர்கள் 43 பேர் மட்டுமே. அதன் முதற்பரீட்சை பௌதிகத்தில் அல்ல, கணிதத்தில்தான் நடந்தது. தொகையீடுகளைத் தயக்கமின்றிக் கணிக்கவும், சாதாரண வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கவும், காவிப் பகுப்பாய்வைக் கையாளவும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண்டிப்பு நமக்குத் தேவையில்லை. ஆனால் அந்த வரிசை தேவை.

வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒருமாறி நுண்கணிதம், இம்முறை நிறுவல்களோடு: எல்லை என்றால் என்ன, தொடர்ச்சி என்றால் என்ன, ஒரு முடிவிலித் தொடர் எப்போது ஒருங்கும். அதனோடு சேர்த்தே நுண்கணிதம் கலந்த பொறிமுறையைப் படியுங்கள். அடுத்து நேரியல் அட்சரகணிதம். அதன் பின் பலமாறி நுண்கணிதம், காவிப் பகுப்பாய்வு, வகையீட்டுச் சமன்பாடுகள். இவற்றுக்குப் பக்கத்தில் அலைகளும் மின்காந்தவியலும் நடக்கட்டும். அதற்குப் பிறகு லக்ராஞ்சி, ஹமில்டன் ஆகியோரின் முறையில் பொறிமுறையை மறுபடியும் படிக்க வேண்டும். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் குவாண்டம் பொறிமுறை தானே வாசலுக்கு வந்து நிற்கும். தொகுதியின் மொத்தச் சக்தியைக் குறிக்கும் ஹமில்டனியன் என்ற சொல்லே அங்கிருந்துதான் உள்ளே வருகிறது. 1915 இல் நிறைவுபெற்ற பொதுச் சார்புக் கொள்கை இன்னும் தள்ளி இருக்கிறது, ஏனெனில் வளைந்த வெளியின் கேத்திரகணிதம் அதற்கு வேண்டும். அந்தக் கணிதத்தை 1912 அளவில் ஐன்ஸ்டைனே தம் நண்பர் மார்செல் குரொஸ்மனின் துணையோடுதான் பயின்றார். ஆனால் 1905 ஆம் ஆண்டின் சிறப்புச் சார்புக் கொள்கைக்கு உயர்தர அட்சரகணிதமே ஏறக்குறையப் போதுமானது. அதை முதலாண்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் கண் எரிய எரிய எல்லைகளின் நிறுவலை எழுதும் ஒருவருக்கு, தாம் எதற்காக இதைச் செய்கிறோம் என்பது இடைக்கிடையே தெரிய வேண்டும்.

நூல்களின் பெயர்களைக் குறைவாகவே சொல்கிறேன். கணித முறைகளுக்கு மேரி போவாஸின் நூல் தனியே படிப்பவருக்கு ஏற்றது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எளியதில் தொடங்கிக் கடினமாகும் பயிற்சிகள் ஏராளமாக உண்டு. மின்காந்தவியலுக்கும் குவாண்டம் பொறிமுறைக்கும் டேவிட் கிரிஃபித்ஸின் இரண்டு நூல்கள், ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல எழுதப்பட்டவை. அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஃபெயின்மன் 1961 முதல் 1963 வரை கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளின் மூன்று தொகுதிகளையும் இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். அவற்றை நான் மிக நேசிக்கிறேன், ஆயினும் அவற்றை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம் என்றே உங்களுக்குச் சொல்வேன். அந்த நடை அவ்வளவு தெளிவானது. விளங்கிவிட்டது என்ற உணர்வை அது வாசிப்பவருக்கு மிக எளிதாகத் தந்துவிடும், அந்த உணர்வுதான் இப்போது உங்களை ஏமாற்றிக்கொண்டிருப்பது. ஒரு பாடத்துக்கு ஒரு முதன்மை நூலும், அதில் முட்டும்போது திறந்து பார்க்க இன்னொரு நூலும் போதும். கைத்தொலைபேசியிலுள்ள மற்றவற்றை வேறொரு கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். முதன்மை நூலை மட்டும் அச்சிட்ட பிரதியாக வாங்குங்கள். சிறிய திரையில் பக்கத்தைத் தள்ளித் தள்ளி நீண்ட வருவிப்பைத் தொடர முடியாது.

இனித் திருத்தும் வேலைக்கு வருகிறேன். ஒரு பக்கத்தை வாசித்து முடித்ததும் நூலை மூடி, அதிலுள்ள வருவிப்பை வெற்றுத் தாளில் முதல் வரியிலிருந்து எழுதிப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, நூலைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மீண்டும் மூடுங்கள். ‘இலகுவாகக் காட்டலாம்’ என்று நூலாசிரியர் கடந்துபோகும் இடங்கள்தான் உங்கள் உண்மையான பாடம். அவர் தாண்டிய படிகளை நீங்கள் நிரப்ப வேண்டும். வாவிக்கரையில் நின்று பார்த்து எவரும் வீச்சுவலை வீசப் பழகியதில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று பக்கம்தான் நகர்ந்தது என்றால் அது நல்ல வேகம். சில இரவுகளில் ஒரு பக்கம்கூட நகராது; அந்த இரவுகள் வீண்போனவை அல்ல.

எழுதியது சரியா என்பதை எப்படி அறிவது? ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். எளிய ஊசலின் அலைவுகாலத்துக்கு உயர்தரத்தில் ஒரு சூத்திரம் படித்தீர்கள். சிறிய கோணங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றும் சொல்லித் தந்திருப்பார்கள். கோணம் சிறிதாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? சக்திக் காப்பை எழுதுங்கள். ஒவ்வொரு கோணத்திலும் ஊசலின் கோண வேகம் கிடைக்கும். அதன் தலைகீழைத் தொகையிட்டால் ஊசல் கீழ்நிலையிலிருந்து ஒரு பக்க உச்சியை அடைய எடுக்கும் காலம் கிடைக்கும்; அதன் நான்கு மடங்கே அலைவுகாலம். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள், ஏனெனில் ஊசல் திரும்பும் புள்ளியில் வேகம் பூச்சியமாவதால் தொகையிட வேண்டிய சார்பு அந்த முனையில் முடிவிலியாகிறது. பயப்பட வேண்டாம். சார்பு முடிவிலியானாலும் தொகையீடு முடிவுள்ளதாகவே இருக்கிறது. ஏன் என்பதைக் காட்டுவதுதான் நீங்கள் எல்லைகளைப் பற்றிப் படித்ததன் முதற்பயன். அரைக்கோணத்தின் சைனை வைத்து ஒரு பிரதியீடு செய்தால் அந்தத் தொல்லை மறைந்துவிடும். அதன் பின் தொடராக விரித்தால், பழைய சூத்திரத்தை ‘1 கூட்டல் வீச்சத்தின் வர்க்கத்தின் பதினாறில் ஒரு பங்கு’ என்ற காரணியால் பெருக்க வேண்டும் என்று வரும். வீச்சம் ஆரையனில் அளக்கப்பட வேண்டும், அதற்கு மேலும் சிறிய உறுப்புகள் உண்டு.

இந்த விடையைத் திருத்த நூலின் கடைசிப் பக்கம் வேண்டியதில்லை. முதலாவதாகப் பரிமாணம்: நீளத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் காலம் வருகிறதா? வீச்சம் பரிமாணமற்றது என்பதால் பெருக்கும் காரணியில் அது எப்படியும் வரலாம். நீளமோ திணிவோ அங்கே தனியாக வந்திருந்தால் பிழை. இரண்டாவதாக எல்லை நிலை: வீச்சத்தைப் பூச்சியத்தை நோக்கிக் கொண்டுபோனால் பழைய சூத்திரம் திரும்பக் கிடைக்க வேண்டும். மறுமுனையையும் பாருங்கள். ஊசலின் நூலிழைக்குப் பதிலாக எடையற்ற விறைப்பான கோலில் குண்டைப் பொருத்தி, 180 பாகைக்கு, அதாவது நேர் மேலே நிற்கும் நிலைக்குக் கொண்டுபோனால் அலைவுகாலம் முடிவிலியாக வேண்டும். உங்கள் தொகையீடு அதைத் தருகிறதா? மூன்றாவதாக சமச்சீர்: இடப்பக்கம் விட்டாலும் வலப்பக்கம் விட்டாலும் காலம் ஒன்றே என்பதால் வீச்சத்தின் ஒற்றை அடுக்குகள் விரிவில் வரவே கூடாது. முதற்படியில் வீச்சம் அப்படியே வந்திருந்தால், எங்கே பிழை என்று தெரியாவிட்டாலும் பிழை இருக்கிறது என்பது உறுதி.

நான்காவதாக எண். அலுவலகத்தில் நீங்கள் நாள்தோறும் திறக்கும் எக்செல் தாளே போதும். 60 பாகை வீச்சத்துக்குத் தொகையீட்டைச் சிறு துண்டுகளாகக் கூட்டிப் பாருங்கள்; பிரதியீடு செய்த பிறகுள்ள வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது முனையில் தொல்லை இராது. காரணி ஏறக்குறைய 1.073 என்று வரும். தொடரின் முதற்திருத்தத்தை மட்டும் எடுத்தால் 1.0685. இரண்டும் நெருங்கி நிற்பது நல்ல அறிகுறி. இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதையும் அடுத்த உறுப்பைக் கணித்து நீங்களே காணலாம். இறுதியாக உலகமே திருத்தட்டும். ஒரு மீற்றர் நூலில் ஒரு சிறு கனமான குண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நம் கரையோரத்தில் புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 9.78 மீற்றர் அளவில் இருக்கிறது. சிறிய கோணத்தில் பத்து அலைவுகளுக்கு 20.1 செக்கன் ஆகும். 60 பாகையில் விட்டால் கணக்கின்படி 21.6 செக்கன். வளியின் தடையால் வீச்சம் சிறிது சிறிதாகக் குறைவதால் நீங்கள் அளப்பது அதற்குச் சற்றுக் குறைவாக வரும், ஆனால் ஒரு செக்கனுக்கு மேற்பட்ட வேறுபாட்டைக் கைத்தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரம் தெளிவாகக் காட்டும். அந்த இரவில் உங்களுக்கு ஆசிரியர் தேவைப்பட மாட்டார்.

தூய கணிதத்தில் குண்டும் நூலும் இல்லை. அங்கே திருத்தும் முறை வேறு. ஒரு தேற்றத்தை நிறுவி முடித்ததும் அதன் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கிவிட்டு, தேற்றம் உடைகிறதா என்று தேடுங்கள். மெய்யெண்களாலான சமச்சீர்த் தாயத்தின் ஐகன் பெறுமானங்கள் (தாயம் திசை திருப்பாமல் வெறும் எண்ணால் பெருக்கும் காவிகளுக்குரிய அந்த எண்கள்) எல்லாம் மெய்யெண்களே என்பது நேரியல் அட்சரகணிதத்தில் வரும் ஒரு தேற்றம். குவாண்டம் பொறிமுறையில் அளவீட்டின் விடைகள் மெய்யெண்களாக இருப்பதற்கு இதன் விரிந்த வடிவமே காரணம். இப்போது ‘சமச்சீர்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். முதல் நிரையில் 0, 1 என்றும் இரண்டாம் நிரையில் −1, 0 என்றும் உள்ள தாயத்தை எடுத்துப் பாருங்கள். அதன் ஐகன் பெறுமானத்தின் வர்க்கம் −1 ஆக வருகிறது; மெய்யெண் விடை இல்லை. ஏன் என்று கேட்டால் கணக்கைவிட அழகான விடை ஒன்று உண்டு: அந்தத் தாயம் தளத்திலுள்ள ஒவ்வொரு காவியையும் 90 பாகை திருப்புகிறது, ஆகவே தன் திசையில் நிலைத்து நிற்கும் காவி அங்கே ஒன்றுமே இல்லை. நிபந்தனையை நீக்கிப் பார்த்தவருக்கு அந்த நிபந்தனை எதற்காக அங்கே இருந்தது என்பது மறக்காது. நிறுவலை மனனம் செய்தவருக்கு மறந்துவிடும்.

பயிற்சி வராதபோது என்ன செய்வது என்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு மணி நேரம் முயலுங்கள். வராவிட்டால் அதன் எளிய வடிவத்தைச் செய்யுங்கள்: மூன்று பரிமாணத்தில் கேட்டிருந்தால் ஒரு பரிமாணத்தில், பொதுவான சார்பைக் கேட்டிருந்தால் ஒரு குறிப்பிட்ட சார்பை வைத்து. அதுவும் வராவிட்டால் உறங்கப் போங்கள். மறுநாள் மீண்டும் எடுங்கள். அதன் பிறகே தீர்வைப் பார்க்கலாம், அதுவும் முதல் வரியை மட்டும். பெரிய சி.ஆர். கொப்பி ஒன்றை இதற்கென ஒதுக்கி, பிழைத்த பயிற்சிகளை மட்டும் அதில் எழுதுங்கள். எங்கே தவறியது என்பதை ஒரு வாக்கியத்தில் குறித்து வையுங்கள். ‘பரிமாணம் பார்க்கவில்லை’, ‘எல்லையையும் தொகையீட்டையும் காரணமின்றி இடம் மாற்றினேன்’ என்பது போன்ற வரிகள் சில மாதங்களில் மீண்டும் மீண்டும் வரத் தொடங்கும். உங்கள் பிழைகள் நீங்கள் நினைப்பதைவிட மிகச் சில வகைகளே என்பது அப்போது தெரியவரும்.

நீங்கள் காரைதீவைச் சேர்ந்தவர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊரில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழரின் இசையை ஆராய்ந்தபோது, சுருதிகளின் விகிதங்களை எண்களால் கணித்தே தம் முடிவுகளுக்கு வந்தார். இரு முனையும் கட்டப்பட்ட நரம்பின் அதிர்வு நீங்கள் தேடும் பாடத்தின் நுழைவாயிலும்கூட. முனைகள் அசையக் கூடாது என்ற நிபந்தனை, நரம்பின் நீளத்தில் அரை அலைகள் முழு எண்ணிக்கையில்தான் அமைய வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கு என்ற வரிசை அங்கிருந்து பிறக்கிறது. பெட்டியில் அடைபட்ட இலத்திரனுக்கும் முனைகளில் இதே நிபந்தனை, இதே அரை அலைகள். ஆனால் சக்தி 1, 2, 3 என்று ஏறாமல் 1, 4, 9 என்று ஏறுகிறது, ஏனெனில் அங்கே இயக்கச் சக்தி உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நரம்பின் சமன்பாட்டைக் கையால் தீர்த்தவருக்குக் குவாண்டம் நூலின் இரண்டாம் அத்தியாயம் பாதி தெரிந்த பாடம். அலைகளைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பல்கலைக்கழகம் போகாமல் முடியுமா என்ற கேள்விக்கு ஜோர்ஜ் கிறீன் என்பவரின் வாழ்க்கை நேர்மையான விடை தருகிறது. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் தந்தையின் காற்றாலையில் மா அரைத்தவர் அவர். சிறுவயதில் பள்ளியில் இருந்தது ஓராண்டளவே. ஊரிலிருந்த சந்தா நூலகத்தின் துணையோடு தாமே படித்து, 1828 இல் மின்னையும் காந்தத்தையும் பற்றிய ஒரு கட்டுரையைத் தம் செலவில் வெளியிட்டார். இன்று அவர் பெயரிலுள்ள சார்புகள் இல்லாமல் கோட்பாட்டுப் பௌதிகத்தில் ஓர் அடியும் வைக்க முடியாது. ஆகவே முடியும். ஆனால் அந்தக் கட்டுரையை அப்போது விளங்கிக்கொள்ளக்கூடியவர் மிகச் சிலரே இருந்தார்கள். அவர் 40 வயதில் கேம்பிறிட்ஜில் மாணவராகச் சேர்ந்து, 1841 இல் இறந்தும் போனார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் அதைத் தேடிப் பிடித்து உலகுக்குக் காட்டத் தொடங்கியது 1845 இல்தான். நூல்கள் அவரைக் கணிதவியலாளராக்கின. மனிதர்கள் இல்லாத குறையை நூல்களால் தீர்க்க முடியவில்லை.

ஆராய்ச்சி பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இன்று எவராவது எதையாவது ஆராய வேண்டுமானால், எது ஏற்கெனவே தெரிந்தது, எது தெரியாதது, எது கேட்கத்தக்க கேள்வி என்பதை அறிந்தவர்களின் நடுவே இருக்க வேண்டும். யாழ்ப்பாண மண்ணிலிருந்து புறப்பட்ட பேராசிரியர் சி. ஜே. எலியேசரும் குவாண்டம் பொறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரான டிராக்கிடம் கேம்பிறிட்ஜில் பயின்றே இலத்திரனின் கோட்பாட்டில் தம் பங்களிப்பைச் செய்தார். தனியே படிப்பவர்கள் சிலர் இரண்டு ஆண்டுகளில் ஐன்ஸ்டைனைத் திருத்தப் புறப்பட்டுவிடுவது எனக்கு வருத்தம் தரும் காட்சி. அவர்களில் திறமைசாலிகள் உண்டு, அவர்கள் தாள்களைப் பொறுமையாகத் திருத்த ஆளில்லாமல் போனதுதான் துயரம். ஆகவே ஆராய்ச்சியை இப்போது இலக்காக வைக்காதீர்கள். மூன்று ஆண்டுகளின் பின்னும் இதே வேட்கை இருந்தால் திறந்த பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டத்துக்குப் பதிவதைப் பற்றி யோசியுங்கள். உத்தியோகம் பார்த்துக்கொண்டே படிக்க அதுவே வழி.

காலம்: சிறப்புப் பட்டம் படிக்கும் மாணவர் நான்கு ஆண்டுகள் முழுநேரமாகப் படிக்கிறார். வாரத்தில் ஐந்து இரவு, இரவுக்கு இரண்டு மணி என்றால் அவருடைய நேரத்தில் கால்வாசியே உங்களுக்குக் கிடைக்கும். குவாண்டம் பொறிமுறையை அதற்குரிய ஆயத்தத்தோடு தொடங்க இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது என் மதிப்பீடு. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் வாரங்களும், அலுவலகத்தில் ஆண்டிறுதி அறிக்கைகள் குவியும் மாதங்களும் இதற்குள் அடங்கும். விட்ட இடத்தில் மீண்டும் தொடங்கும்போது இரண்டு அத்தியாயம் பின்னே போய்த் தொடங்குங்கள். ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், தமிழ்மொழி மூலம் படித்தவர் என்பதால் சொல்கிறேன்: கணித நூலின் ஆங்கிலம் மிகக் குறுகியது, ஒரே நூறு இருநூறு சொற்களே திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு அத்தியாயங்களில் சிரமப்பட்டால் மூன்றாவதில் அது தடையாக இராது. உங்கள் கொப்பியில் தமிழிலேயே எழுதுங்கள்; சிந்திக்கும் மொழியில் எழுதினால்தான் பிழை கண்ணில் படும்.

மனிதர்களைத் தேட நீங்கள் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் உங்களுக்குப் பக்கத்திலுள்ள சம்மாந்துறையில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. அங்குள்ள விரிவுரையாளர்களுக்கு நேரம் குறைவு, ஆனால் அவர்களில் பலர் இத்தகைய வேட்கையைக் கண்டால் முகம் மலர்பவர்கள். ‘எனக்குப் பௌதிகம் கற்றுத் தாருங்கள்’ என்று கேட்டுப் போனால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தீர்த்த தாள்களோடு போய், ‘ஏழாம் வரியிலிருந்து எட்டாம் வரிக்கு நான் போன விதம் சரியா’ என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும், மறுமுறை வரச் சொல்லவும் செய்வார்கள். உங்கள் பிரதேசப் பாடசாலைகளில் இணைந்த கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியர்களையும் கேட்டுப் பாருங்கள். பட்டம் முடித்துச் சில ஆண்டுகளில் தாம் படித்ததை மறந்துகொண்டு வரும் வருத்தம் அவர்களிடம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவர் சேர்ந்து ஒருவர் தாளை மற்றவர் திருத்தினால், உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

அடுத்த கடிதத்தில் நூல்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். மேலே சொன்ன ஊசல் கணக்கை, அரைக்கோணப் பிரதியீடு உட்பட, ஒரு படியும் விடாமல் எழுதி, அளந்த நேரங்களையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த வரியில் பிழை இருக்கிறது என்பதை மட்டும் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். என்ன பிழை என்பதை நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள்.